முதியோர் கொடுமையைக் கண்டறிய யாருக்கு, எப்படிப் பயிற்சி கொடுக்கலாம்?

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது தென்மாவட்டத்தில் ஒரு வட்டாரத்தின் சமுதாய சுகாதாரச் செவிலியர். போன வாரம் போன் செய்தாள். “மேடம், முதியோர் கொடுமை பத்தி எங்க ஸ்டாஃபுக்கு ட்ரெயினிங் கொடுக்கச் சொல்லியிருக்காங்க. கையில கொஞ்சம் பணம் இருக்கு, நாலு மாசம் டைம் இருக்கு. மண்டபம் பிடிச்சு ஒரு நாள் கிளாஸ் வெச்சு முடிச்சிடலாமா, இல்ல வேற மாதிரி செய்யலாமா?”

பத்து நிமிட போன் பேச்சில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. அவளுக்கு எழுதி அனுப்பியதைக் கொஞ்சம் விரித்து இங்கே வைக்கிறேன். இதே முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் வேறு பலரும் இருப்பார்கள்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கருத்து எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. பல வருடங்களுக்கு முன்னால், நான் வேலை பார்த்த மருத்துவமனையின் பெண்கள் எலும்பு முறிவு வார்டு. எழுபத்தைந்து வயது இருக்கும் ஒரு பாட்டி இடுப்பெலும்பு உடைந்து வந்தார். மகன் கட்டிலை விட்டு நகரவில்லை. எப்படி விழுந்தீர்கள் என்று பாட்டியைக் கேட்டால் மகன் பதில் சொன்னார்: “பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க.” ஊசி போடுவதற்காக ரவிக்கைக் கையை ஏற்றியவள் நான்தான். இரண்டு மேற்கைகளிலும் வெளிப்பக்கமாக, விரல் விரலாக, நாலு நாலு கன்றல். யாரோ இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். நான் பார்த்தேன். நான் பார்ப்பதைப் பாட்டியும் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டார். நான் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

அதற்கு முந்தைய மாதம்தான் எங்களுக்கு முதியோர் கொடுமை பற்றி ஒரு நாள் வகுப்பு நடந்திருந்தது. சான்றிதழ் வாங்கியிருந்தோம். உடலால், மனத்தால், பணத்தால், பாலியல் ரீதியாக, அப்புறம் புறக்கணிப்பு என்று ஐந்து வகையையும் வரிசையாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, அந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்றபோது முதல் வார்த்தையாக எதைப் பேசுவது என்று தெரியவில்லை. பேசி, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அடுத்து யாரிடம் போவது என்பது அதைவிடத் தெரியவில்லை. நாலு மாதம் கழித்து, முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண்ணோடு அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த முறை அவர் வீடு திரும்பவில்லை.

ஆகவே எந்தப் பயிற்சியைப் பற்றி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கன்றலைப் பார்த்த நர்ஸ், பார்த்த அடுத்த நிமிடம் என்ன செய்வாள் என்பதை இந்தப் பயிற்சி அவளுக்குச் சொல்லித் தருமா?

எவ்வளவு பெரிய விஷயம் இது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 60 வயதைத் தாண்டியவர்களில் 6 பேருக்கு ஒருவர் கடந்த ஓராண்டுக்குள் ஏதாவது ஒரு வகைக் கொடுமையை அனுபவித்திருக்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. இந்தியாவில் 2017–18இல் நடந்த முதியோர் பற்றிய பெரிய தேசியக் கணக்கெடுப்பில், மோசமாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் சுமார் 5 சதவீதம்தான். நம் ஊரில் குறைவு என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றி வெளியாளிடம் சொல்ல நம் பெரியவர்களுக்கு வாய் வராது. கேட்பவர் முன்பின் தெரியாதவராகவும், மருமகள் அடுத்த அறையிலும் இருந்தால் சொல்லவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 கணிப்பின்படி 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். நம் ஓ.பி. வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் நரைத்த தலை என்பது தினமும் அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும்.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

ஒரு நாள் வகுப்பு

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஜூன் 15, முதியோர் கொடுமை விழிப்புணர்வு நாள் வந்தால் நடத்திவிடலாம். ஒரே நாளில் நூறு பேருக்குச் சொல்லிவிடலாம், கணக்குக் காட்டவும் எளிது. என் அனுபவத்தை வைத்து இதை முழுக்க ஒதுக்குவது நியாயமாகாது. பென்ஷன் பணத்தைப் பிடுங்கிக்கொள்வதும், மாத்திரை வாங்கித் தராமல் விடுவதும்கூடக் கொடுமைதான் என்பதை நானே அந்த வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். பெயர் தெரியாத ஒன்றைப் பார்க்க முடியாது.

2002இல் இங்கிலாந்தில் 64 நர்ஸ்கள், பராமரிப்பு உதவியாளர்கள், சமூகப் பணியாளர்களை இரண்டாகப் பிரித்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவுக்கு நேரடி வகுப்பு, இன்னொரு பிரிவுக்கு அதே விஷயம் அச்சிட்ட தாளில். நேரில் படித்தவர்களுக்குத்தான் விஷயமும் நன்றாகப் புரிந்தது, என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்தது. ஆனால் இதில் அளந்தது எழுத்தில் அவர்கள் சொன்ன பதிலை. வார்டில் போய் என்ன செய்தார்கள் என்பதை இல்லை. 2016இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு முதியோர் கொடுமையைத் தடுக்கும் முயற்சிகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அவர்கள் தரத்துக்குத் தேறியவை ஏழுதான். பயிற்சியால் அறிவு கூடுகிறதா என்பதே உறுதியில்லை, கூடினாலும் நடத்தை மாறுகிறதா என்பது தெளிவில்லை என்றுதான் அவர்களால் சொல்ல முடிந்தது.

ஆகவே இந்த வகுப்பைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். இதோடு நிறுத்துவதாக இருந்தால், என்னைப் போல் சான்றிதழோடு அடுத்த கட்டிலுக்கு நகர்கிற நூறு பேரை உருவாக்குகிறோம்.

மொபைலில் பாடம்

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செலவு குறைவு, நைட் டியூட்டி முடிந்து வீட்டில் இருந்தே பார்க்கலாம், புதிதாகச் சேருகிறவர்களுக்கும் அதுவே போதும். சட்டப் பிரிவுகள், போன் நம்பர்கள், கன்றல் எந்த இடத்தில் இருந்தால் கவனிக்க வேண்டும் என்பதைக் காட்டும் படங்கள், இவற்றுக்கு மொபைல் நல்ல இடம். வாய் திறந்து ஒரு பெரியவரிடம் கேட்கிற தைரியத்தை அது தராது. இதை மட்டும் நம்பிப் பணத்தைப் போட வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி அட்டை

மூன்றாவது வழி, ஓ.பி.யில் இருக்கிறவர்களின் கையில் ஒரு சின்ன கேள்வித்தாளைக் கொடுத்து, அதைக் கேட்கப் பழக்குவது. கனடாவின் மாண்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் யாஃபியும் அவருடன் இருந்தவர்களும் 2008இல் வெளியிட்ட ஆறு கேள்வித் தாள் இதில் பெயர் பெற்றது. ஐந்து கேள்வி பெரியவரிடம், ஆறாவது மருத்துவர் தன் கண்ணால் பார்த்ததை எழுதுவதற்கு. இரண்டு நிமிடத்தில் முடியும். சாப்பாடு, துணி, மருந்து, கண்ணாடி கிடைக்காமல் யாராவது தடுத்தார்களா, அவமானப்படும்படியோ பயப்படும்படியோ பேசினார்களா, விருப்பமில்லாமல் கையெழுத்து வாங்கினார்களா, பணத்தை எடுத்தார்களா, அடித்தார்களா, கடந்த 12 மாதத்தில். முதல் கேள்வி, குளிக்க, சாப்பிட, பேங்க் வேலைக்கு யாரையாவது நம்பி இருக்கிறீர்களா என்பது மட்டும். மற்றதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் விசாரிக்க வேண்டும்.

நல்ல கருவிதான். கேட்க வெட்கப்படுகிறவர்களுக்கு இது ஒரு ஊன்றுகோல். “எல்லார்கிட்டயும் கேக்கிறதுதாம்மா, உங்ககிட்ட மட்டும் இல்லை” என்று சொல்லித் தொடங்கலாம். அதனால் யாருக்கும் வருத்தம் வராது.

ஆனால் மூன்று விஷயத்தை யோசிக்காமல் இதை நம் ஓ.பி.க்குக் கொண்டுவரக் கூடாது. முதலாவது, இந்தத் தாள் நினைவு தெளிவாக இருக்கும் பெரியவர்களுக்காகச் செய்தது. மறதி நோய் உள்ளவர்கள்தான் அதிகம் பாதிக்கப்படக் கூடியவர்கள். அவர்களிடம் இது செல்லாது. இரண்டாவது, தனிமை. நம் ஓ.பி.யில் ஒரு மேசைக்கு முன்னால் மூன்று நோயாளிகள், அவர்களோடு வந்த ஐந்து பேர். “உங்க மகன் அடிக்கிறாரா?” என்று அங்கே கேட்பது அந்தப் பெரியவரை அன்று இரவே மாட்டிவிடுவதாகும். மூன்றாவது, கேள்வியைக் கேட்டுக் கண்டுபிடித்ததால் பெரியவர்களுக்கு நன்மை விளைந்ததா என்பதற்குச் சான்று போதவில்லை என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழு 2018இல் சொன்னது. கேட்காதே என்று அவர்கள் சொல்லவில்லை. எல்லோரிடமும் கேட்டால் பலன் உண்டு என்று சொல்லும் அளவுக்குக் கையில் ஒன்றும் இல்லை என்றார்கள். அவ்வளவு வசதி உள்ள நாட்டிலேயே அப்படியென்றால், கேட்ட பிறகு அனுப்பி வைக்க வழி செய்யாத இடத்தில் வெறும் கேள்வித்தாளை அச்சடிப்பது எதற்கு?

கேள்விகளையும் நம் வாழ்க்கைக்கு மாற்ற வேண்டும். “உங்கள் பணத்தை யாராவது தவறாகப் பயன்படுத்தினார்களா” என்றால் எந்தப் பாட்டிக்கும் புரியாது. “முதியோர் பென்ஷன் வருதாம்மா? யாரு போய் எடுக்கிறது? ரேகை வெக்க நீங்க போறீங்களா? பணம் உங்க கைக்கு வருதா?” என்று கேட்டால் கதை தானாக வரும். 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்திய அந்தத் தொகைதான் பல கிழவிகளுக்குச் சொந்தமாக இருக்கும் ஒரே காசு. அது யார் கையில் இருக்கிறது என்பது ஒரு வீட்டைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

மருத்துவமனைக்கு ஒருவர், ஆழமாக

எல்லோருக்கும் கொஞ்சம் சொல்லித் தருவதற்குப் பதிலாக, ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு ஸ்டாஃப் நர்ஸை நாலைந்து நாள் உட்கார வைத்து நன்றாகப் பழக்குவது நான்காவது வழி. மற்றவர்கள் சந்தேகம் வந்தால் அவரைக் கூப்பிட்டால் போதும். இது எனக்குப் பிடித்த வழி. அந்த வார்டில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் நான் அவரிடம் ஓடியிருப்பேன்.

ஆழமாகச் சொல்லித் தர இங்கே விஷயமும் உண்டு. உதாரணத்துக்குக் கன்றலையே எடுத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களின் தோல் மெலிது, ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை வேறு. லேசாகப் பட்டாலே கன்றிப்போகும். எதைச் சந்தேகப்படுவது? 2005இல் அமெரிக்காவில் லாரா மொஸ்கேடாவின் குழு 101 பெரியவர்களைத் தினமும் பார்த்து, தற்செயலாக வரும் கன்றல்களைக் குறித்து வைத்தது. பத்தில் ஒன்பது கை கால்களில்தான் இருந்தன. கழுத்து, காது, பிட்டம், பிறப்புறுப்பு, உள்ளங்கால் ஆகிய இடங்களில் ஒன்றுகூட இல்லை. நிறத்தை வைத்து ‘இது பழைய காயம்’ என்று சொல்ல முடியாது என்பதும் அதில் தெரிந்தது. மஞ்சள் நிறம் முதல் நாளே வரலாம். பிறகு 2009இல் அதே வட்டத்தைச் சேர்ந்தவர்கள், அடிபட்டது உறுதியான பெரியவர்களைப் பார்த்தார்கள். கன்றல்கள் பெரிதாக, பல 5 செ.மீ.க்கு மேல், முகத்தில், வலது கையின் வெளிப்பக்கத்தில், முதுகில். இந்தச் செய்தியை ஒரு உடல் படத்தில் குறித்துக் கேஷுவாலிட்டி சுவரில் ஒட்டினால் அது நூறு ஸ்லைடுக்குச் சமம்.

பேசுவதற்குத் தனிமை உண்டாக்கும் சின்னச் சின்ன வழிகளையும் இவருக்குச் சொல்லித் தர வேண்டும். “யூரின் டெஸ்டுக்கு எடுக்கணும், பாத்ரூம் வரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க இங்கேயே இருங்க” என்று மகனிடம் சொன்னால் அவர் மறுக்க மாட்டார். எக்ஸ்ரே அறைக்குள் கூட வந்தவர் வர முடியாது. அந்த ஐந்து நிமிடம் போதும். எழுதுவதையும் பழக்க வேண்டும். காயத்தோடு வருகிறவர்களைப் பதிவு செய்யும் ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) என்ட்ரியில் ‘வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது’ என்று மட்டும் எழுதுவதற்கும், ‘மகன் சொல்கிறார்; நோயாளி பதில் சொல்லவில்லை; இரு மேற்கைகளிலும் விரல் அளவுக் கன்றல்’ என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம், இரண்டு வருடம் கழித்து ஓர் அதிகாரி அந்தக் காகிதத்தைப் பார்க்கும்போது தெரியும்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். முதியோர் இல்லம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களில் 3 பேரில் 2 பேர், தாங்களே கடந்த ஓராண்டில் பெரியவர்களிடம் தவறாக நடந்துகொண்டதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வார்டுகளிலும் மறதியில் எழுந்து ஓடுகிற தாத்தாவின் கையைக் கட்டிலோடு கட்டியிருக்கிறோம், நனைந்த விரிப்பை மாற்றாமல் அடுத்த ஷிஃப்டுக்கு விட்டிருக்கிறோம். நாற்பது நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்றால் இது நடக்கும், அதை நான் அறிவேன். ஆனாலும் பயிற்சி நம்மிடமிருந்து தொடங்காவிட்டால் மருமகளைக் குற்றம் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

இந்த வழியின் பலவீனம் இரண்டு. அந்த நர்ஸுக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்தால் எல்லாம் அவரோடு போய்விடும். அதைவிடப் பெரியது, மருத்துவமனைக்கு வந்து சேர்கிறவர்கள் எலும்பு உடைந்த பிறகு வருகிறவர்கள். பட்டினி போடப்படுகிற, மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒதுக்கி வைக்கப்பட்ட பெரியவரை யாரும் ஓ.பி.க்குக் கூட்டி வருவதே இல்லை.

வீட்டுக்குப் போகிறவர்களுக்கு, மாதா மாதம்

அவர்களைப் பார்க்கிறவர்கள் யார்? கிராம சுகாதாரச் செவிலியரும், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்களும்தான். பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுக்கிறார்கள். திரும்பத் திரும்ப அதே வாசலில் நிற்கிறார்கள். இப்படி வீட்டுக்குள் போகும் வாய்ப்பு மற்றவர்களுக்கு எளிதில் கிடைக்காது.

ஓய்வு பெற்ற பிறகு அப்படி ஒரு பெண்ணோடு ஒரு காலை முழுக்க நடந்திருக்கிறேன். ஒரு வீட்டில் பாட்டி உள்ளறையில் படுத்திருந்தார். மருமகள், “தூங்குறாங்க, மாத்திரையைக் குடுத்துட்டுப் போங்க” என்றார். இந்தப் பெண் சண்டை போடவில்லை. “பி.பி. பாக்காம குடுத்தா என்னைத் திட்டுவாங்கக்கா. உள்ள இருட்டா இருக்கு, அப்பத்தாவைத் திண்ணைக்குக் கூட்டிட்டு வந்துடறேன்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். திண்ணையில் உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே போன மாத அட்டையைக் கேட்டு வாங்கினாள். முப்பதில் இருபத்திரண்டு மாத்திரை அப்படியே இருந்தது. “ஏன் அப்பத்தா போடலை?” பாட்டி வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “வெறும் வயித்துல போட்டா தலை சுத்துது தாயி” என்றார்.

அந்த ஒரு வரியில் எல்லாம் இருந்தது. காலைச் சாப்பாடு கிடைப்பதில்லை. அதை நேராகச் சொல்ல மாட்டார். வாசலைப் பார்க்கிற அந்தப் பார்வையைப் படிக்கத் தெரிய வேண்டும். இந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது, யாரும் சொல்லித் தராமலே. ஆனால் தெரு முனைக்கு வந்ததும் என்னைக் கேட்டாள்: “இப்ப இதை நான் யாருகிட்ட சொல்றது மேடம்?” வருடங்கள் கழித்து அதே கேள்வி.

ஆகவே இவர்களுக்குப் பயிற்சி என்றால், மாதம் ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்படியும் நடக்கிற கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, அந்த மாதம் பார்த்த இரண்டு வீட்டைப் பற்றிப் பெயர் சொல்லாமல் பேசுவது. என்ன பார்த்தாய், என்ன கேட்டாய், வேறு எப்படிக் கேட்டிருக்கலாம் என்று நடித்துப் பார்ப்பது. ஒரு வருடத்தில் பதினெட்டு மணி நேரம் ஆகிவிடும். மண்டப வாடகை இல்லை, சாப்பாட்டுச் செலவு டீயும் வடையும்தான்.

சிக்கல் இல்லாமல் இல்லை. இந்தப் பெண் அதே ஊர்க்காரி. அந்த மருமகளும் இவளும் ஒரே மகளிர் குழுவில் கடன் வாங்கியிருப்பார்கள், சொந்தமாகக்கூட இருக்கலாம். இவள்தான் சொன்னாள் என்று தெரிந்தால் ஊரில் இருக்க முடியாது. பேச்சு வெளியே கசிந்தால் பாட்டிக்கும் ஆபத்து. அதனால் தன்னார்வலர் புகார் கொடுப்பவராக இருக்கக் கூடாது. பார்த்ததைக் கிராமச் செவிலியரிடம் சொல்வதோடு அவள் வேலை முடிய வேண்டும். செவிலியர் அதை மருத்துவ அலுவலரிடம் கொண்டு போக வேண்டும். இந்த ஏணியை எழுதி வைக்காமல் முதல் கூட்டத்தையே நடத்தக் கூடாது.

விருதுநகரையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துப் பேசப்படும் தலைக்கூத்தலைப் பற்றியும் இந்தக் கூட்டங்களில்தான் வாய்விட்டுப் பேச முடியும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுப்பதைப் படுத்த படுக்கையான உயிருக்குச் செய்யும் விடுதலை என்று குடும்பம் சொல்லும். அது கொலை. ‘ரொம்ப நாள் இழுத்துட்டு இருக்காங்க, உறவுக்கெல்லாம் சொல்லி விட்டுட்டோம்’ என்ற பேச்சு காதில் விழுந்தால், அன்றே மருத்துவ அலுவலருக்குத் தெரிய வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு

எந்த வழியைத் தேர்ந்தாலும் பாடத்தில் பாதி இதுவாக இருக்க வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் பலர், முதியோர் விஷயத்திலும் தெரிந்தவுடன் புகார் செய்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் மருத்துவப் பணியாளர் கட்டாயம் புகார் செய்ய வேண்டும் என்ற விதி கிடையாது. அடிபட்ட காயத்தோடு வந்தால் எம்.எல்.சி., அதாவது போலீஸுக்குத் தெரிவிக்கும் மருத்துவ-சட்டப் பதிவு, போடுவது வேறு. மற்றபடி, நினைவு தெளிவாக உள்ள பெரியவர் விவரம் தெரிந்த ஒரு மனிதர். “வேண்டாம் தாயி, என் பிள்ளை ஜெயிலுக்குப் போயிடுவான்” என்றால் அவர் சொல் நமக்கு முக்கியம். அடுத்த முறையும் அவரைப் பார்க்கப் போவதுதான் அங்கே நாம் செய்யக்கூடியது. மறதி நோய் உள்ளவர், படுக்கையில் கிடப்பவர், அன்று இரவு உயிருக்கு ஆபத்து உள்ளவர் என்றால் கணக்கு மாறும்.

அவர் சரி என்றால் வழிகள் உண்டு. 14567 முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை. பெண்ணாக இருந்தால் 181. உடனடி ஆபத்துக்கு 112. மாவட்டச் சமூக நல அலுவலர் பெரியவருக்காக, 2007 சட்டப்படி அமைந்த தீர்ப்பாயத்தில் நிற்கலாம். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான அந்தத் தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தரச் சொல்லலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்கு மட்டும் என்று நினைக்கிறோம். அதே வீட்டில் இருக்கும் தாயும் மாமியாரும் அதன் கீழ் வரலாம்.

“எழுதிக் கொடுத்துட்டேம்மா, இனி என்ன செய்ய முடியும்” என்று பெரியவர்கள் சொல்வதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யும்படி கேட்க 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவு இடம் தருகிறது. நர்ஸ் வக்கீலாக வேண்டியதில்லை. அந்தப் பிரிவு இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும், முகத்தில் உயிர் வருவதைப் பார்க்கலாம்.

எல்லாமே குற்றமும் இல்லை. மூன்று வருடம் தனியாளாகப் படுக்கையில் மலம் அள்ளிய மருமகள் ஒரு நாள் கத்திவிட்டால், அவளுக்குத் தேவை போலீஸ் அல்ல. மக்களைத் தேடி மருத்துவத்தில் வலித்தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் இருக்கிறார்கள். அவர்களை அந்த வீட்டுக்கு அனுப்பினால் பாட்டியும் பிழைப்பார், மருமகளும் மூச்சு விடுவாள்.

நான் அவளுக்குச் சொன்னது

மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பணத்தில் பெரும்பங்கை வீட்டுக்குப் போகிறவர்களின் மாதக் கூட்டத்துக்கு வை. மிச்சத்தில், வட்டார மருத்துவமனையின் கேஷுவாலிட்டியிலிருந்து ஒருவருக்குப் பதிலாக இருவரைத் தேர்ந்து நாலு நாள் பழக்கு. ஒருவர் மாறிப் போனாலும் இன்னொருவர் இருப்பார். கேள்வி அட்டையை இந்த இருவர் கையில் மட்டும் கொடு. மொபைல் பாடம் எங்காவது கிடைத்தால் எல்லோருக்கும் அனுப்பு, அதற்கென்று பணம் செலவழிக்காதே.

இதில் எனக்கே ஒரு தயக்கம் உண்டு. நகரத்தில், பெரிய மருத்துவமனையில் முடிவெடுக்கிறவராக இருந்தால் நான் இந்த வரிசையை மாற்றிப் போடுவேன். அங்கே அபார்ட்மெண்ட் கதவுக்குள் தன்னார்வலர் நுழைவதே கஷ்டம், கேஷுவாலிட்டியும் முதியோர் மருத்துவப் பிரிவும்தான் கண். 1996இலேயே முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பைத் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில், பயிற்சி மருத்துவர்களையும் நர்ஸ்களையும் ஒன்றாக உட்கார வைத்தே தொடங்கலாம். அவள் வேலை செய்வது கிராம வட்டாரத்தில். அங்கே திண்ணைதான் ஓ.பி.

முதல் மாதம் யாருக்கும் வகுப்பு எடுக்காதே என்றும் சொன்னேன். அந்த மாதம் முழுக்க அவள் ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் மனுவை யார் வாங்குகிறார், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் யாரிடம் பேச வேண்டும், பக்கத்தில் எந்த முதியோர் இல்லத்தில் அவசரத்துக்கு ஒரு இரவு படுக்கை தருவார்கள், ஸ்டேஷனில் எந்த எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்பார். பெயரும் நம்பரும் நிறைந்த அந்தப் பேப்பர் கைக்கு வந்த பிறகுதான் முதல் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் பாட்டியாக நடிக்க ஸ்டாஃபையே நிறுத்தாமல், ஊரிலிருந்து இரண்டு மூன்று நிஜப் பாட்டிகளைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், வந்து போகும் கூலியோடு. எந்தக் கேள்விக்கு வாய் திறக்கும், எந்தக் கேள்விக்கு மூடிக்கொள்ளும் என்று அவர்களைவிட நன்றாகச் சொல்லித் தர யாராலும் முடியாது. நேற்று இரவு மெசேஜ் அனுப்பியிருந்தாள்: “ரெண்டு பேர் சம்மதிச்சிட்டாங்க மேடம். மூணாவது பாட்டி, நான் நடிக்க வேண்டாம், நடந்ததையே சொல்றேன்னு சொல்லுது. என்ன செய்யட்டும்?”

தனியாக உட்கார்ந்து முதலில் நீ கேள் என்று பதில் போட்டேன்.